பதினான்கு சர்வர், நாற்பத்திரண்டு ஃபேன்

மார்ச் 3, திங்கள்

இன்று காலை என் பழைய கம்ப்யூட்டர் கடையில் இருக்கும் பதினான்கு சர்வர்களுக்கும் ஆள் வந்தார். பார்த்தார், பிடித்திருக்கிறது என்றார், வாங்காமல் போய்விட்டார்.

ஏன் என்பதை எழுதி வைக்கிறேன். அவர் படங்களுக்கு வரைகலை செய்து கொடுக்கும் கூடம் ஒன்று நடத்துகிறார். ஒரு காட்சி முடிய மெஷின்கள் மூன்று நாள், நான்கு நாள் மூச்சு விடாமல் ஓட வேண்டுமாம். போன வருடம் வேறு ஒருவரிடம் வாங்கிய மெஷினில் ஃபேன் நின்றுபோய், யாருக்கும் தெரியாமல் உள்ளே வெந்து, பத்து நாள் வேலை போய்விட்டது. அதனால் இப்போது ஒரே நிபந்தனை. ஒவ்வொரு மெஷினும் தனக்கு எவ்வளவு சூடு, தன் ஃபேன் ஒவ்வொன்றும் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று தானே திரையில் சொல்ல வேண்டும். அதுவும் லினக்ஸில்.

"ஓடுதுன்னு நீங்க சொல்லக் கூடாதும்மா. அது சொல்லணும்" என்றார்.

போட்டுக் காட்டினேன். சிபியூ சூடு மட்டும் வந்தது. ஃபேன் என்று ஒரு வரிகூட இல்லை. மூன்று ஃபேன் கண்ணெதிரே சுற்றுகிறது, திரை அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "சத்தமே இல்லையே" என்று மட்டும் ஆச்சரியப்பட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை மறுபடி வருவார். காட்டினால் பதினான்கையும் எடுப்பார். காட்டாவிட்டால் அவருக்கு வேறு கடை உண்டு. எனக்கு வேறு ஆள் இல்லை. மூடிப்போன ஓர் அலுவலகத்திலிருந்து மொத்தமாக எடுத்த சரக்கு இது. இவரும் கைவிட்டால் அடுத்து பழைய இரும்புக்காரரின் தராசுதான்.

கீபோர்டும் கேபிளும் விற்று மேலே வந்தவள் நான். பதினெட்டு வருடம். ஓடுகிற சர்வரை, ஓடும் என்று கையெழுத்துப் போட்டு விற்கப் போவது இதுதான் முதல் தடவை. விடுவேனா?

மார்ச் 4, செவ்வாய்

நாத்தனாரைப் பிடித்தேன். கல்லூரி லேபில் பதினோரு வருடம் மெஷின்களைக் கட்டி மேய்த்தவள். லேபை மூடிவிட்டார்கள். ஆறு மாதமாக மதியத்தில் கடைக்கு வந்து என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, என் வியாபாரத்தில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில். இன்று உருப்படியாக ஒரு வேலை கொடுத்தேன்.

விஷயத்தைக் கேட்டதும் கண் பளிச்சென்றது. "இதுக்குன்னே லினக்ஸ்ல ஒரு தேடல் இருக்கு அண்ணி. போர்டுல எந்த சென்சார் சிப் இருக்குன்னு அதுவே மோப்பம் பிடிச்சுச் சொல்லும்" என்றாள்.

மோப்பம் பிடிப்பதற்கு முன் அது கேட்கிற கேள்வி இருக்கிறதே! இங்கே தேடட்டுமா, அங்கே தேடட்டுமா, இது கொஞ்சம் ஆபத்து, இருந்தாலும் தேடட்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் ஆமாம், இல்லை சொல்ல வேண்டும். என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதுகூட இத்தனை கேள்வி கேட்கவில்லை. கடைசியில் ஒரு சிப்பின் பெயரைச் சொன்னது. இருக்கிறது! போர்டிலேயே இருக்கிறது. சூட்டையும் ஃபேனையும் கவனிக்கவென்றே ஒரு சிப். இத்தனை நாள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 5, புதன்

சிப் இருக்கிறது, பேச மறுக்கிறது. அதைப் பேச வைக்கிற டிரைவர் நிரலை ஏற்றினால் "வேறு வேலையில் இருக்கிறது" என்று திருப்பி அனுப்புகிறது. கவர்மென்ட் ஆபீஸ் கவுண்டர் தோற்றது.

மார்ச் 6, வியாழன்

நாத்தனார் காரணத்தைக் கண்டுபிடித்தாள். அவள் சொன்னதை என் மொழியில் எழுதிக்கொள்கிறேன். சிப்பை பயாஸ், அதாவது மெஷின் கண் விழித்ததும் முதலில் ஓடுகிற போர்டின் சொந்த நிரல், தன் சொத்து என்று பிடித்து வைத்திருக்கிறது. லினக்ஸும் உள்ளே போனால் இரண்டு பேரும் ஒரே கல்லாவில் ஒரே நேரத்தில் கை விட்ட மாதிரி ஆகும் என்று லினக்ஸ் பயந்து ஒதுங்குகிறது. "பயப்படாதே, நீயும் போ" என்று லினக்ஸின் உயிர்நாடியான கெர்னல் ஏறும்போதே ஒரு வரி சொல்லி வைக்கலாமாம்.

சொல்லேன் என்றேன்.

"எடுத்தேன் கவிழ்த்தேன்னு பதினாலுலயும் போட முடியாது அண்ணி. ஒண்ணுல போட்டு ஒரு நாள் ஓட விடுவோம். கை மோதிக்கிட்டா மெஷின் தொங்கிடும்."

எனக்கு ஒரு நாள் என்பது ஒரு வருடம். ஆனாலும் சரி என்றேன். பொறுப்பவள் இல்லை நான், தெரிந்தவள் சொன்னால் கேட்பவள். அது வேறு குணம்.

மார்ச் 7, வெள்ளி

வந்தது!

மத்தியானம் மூன்று மணிக்கு. திரை முழுக்க வரிகள். போர்டு முப்பத்தெட்டு டிகிரி, சிபியூ நாற்பத்தொன்று, வோல்டேஜ் தனித்தனியாக, ஃபேன் ஒன்று, ஃபேன் இரண்டு, ஃபேன் மூன்று. நேற்றுவரை அது பெட்டி. இன்று நாடி பார்க்கிற மாதிரி இருக்கிறது.

அதற்குள் ஒரு கூத்து. நடுவில் ஒரு வரி: நூற்று இருபத்தேழு டிகிரி. தண்ணீரே நூறில் கொதித்துவிடும்! நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் நான் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தச் சூட்டு முனையில் எதுவுமே மாட்டப்படவில்லையாம். ஒன்றும் மாட்டாத இடம் வாய்க்கு வந்ததைச் சொல்லுமாம். அந்த மாதிரி வரியை மறைத்து வைப்பதுதான் முறை. சந்தையில் அப்படிப் பேசுகிறவர்கள் ஏழெட்டுப் பேரை எனக்குத் தெரியும், மறைக்கத்தான் வழியில்லை.

மறுபடி ஏற்றினோம். சூடெல்லாம் சரி.

ஃபேன் மூன்றும் பூஜ்யம்.

சுற்றிக்கொண்டிருக்கிறது. பூஜ்யம் என்கிறது.

மார்ச் 8, சனி

பூஜ்யம்.

ஆனால் ஒன்று செய்து பார்த்தேன். அட்டையால் முன்பக்கக் காற்று வழியை மூடினேன். நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு, நாற்பத்தொன்பது. எடுத்தேன். நாற்பத்தைந்து, நாற்பத்திரண்டு. மூடினேன். எடுத்தேன். ஏறுகிறது, இறங்குகிறது. சரக்கை மார்க்கெட்டுக்கு எடுத்துப் போய் வந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "யாருக்கு விசிறிட்டிருக்க?" என்று கேட்டார். ஐம்பத்திரண்டு வயதில் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

நாத்தனார் டிரைவர்தான் குற்றவாளி என்கிறாள். புதிய டிரைவர் இறக்கினாள். பூஜ்யம். பழையதை இறக்கினாள். பூஜ்யம். எந்த ஃபேன் எந்த எண் என்று மாற்றி எழுதினாள். மூன்று பூஜ்யமும் இடம் மாறி உட்கார்ந்தன.

மார்ச் 11, செவ்வாய்

பதினான்கிலும் ஏற்றியாயிற்று. எல்லாவற்றிலும் சூடு வருகிறது. மெஷின் தொங்கவில்லை. ஒன்று முதல் பதின்மூன்று வரை ஃபேன் பூஜ்யம்.

பதினான்காவது மட்டும் மூன்று ஃபேனுக்கும் எண் காட்டுகிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம்! குரைத்துக்கொண்டே சுற்றுகிற ஃபேன் அது. நாத்தனார் துள்ளிக் குதித்தாள். "டிரைவர் சரிதான் அண்ணி! போர்டும் சரிதான்! இதுல மட்டும் என்ன வித்தியாசம்?"

எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் மூடியைக் கழற்றுவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது.

மார்ச் 12, புதன்

நேற்று மீதியை எழுத மனசு வரவில்லை. இன்று எழுதுகிறேன்.

இந்தத் தெருவில் பழைய கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர் முதலில் காதைத்தான் நீட்டுவார். சத்தம் போட்டால் பழசு, போடாவிட்டால் புதுசு. எங்கள் தொழிலில் இது வேத வாக்கு. அதனால் சரக்கு வந்ததும் கத்துகிற ஃபேனைக் கழற்றிவிட்டு சத்தமில்லாத மலிவு ஃபேனைப் போடுவது என் பழக்கம். இதிலும் போட்டேன். நாற்பது வாங்கினேன், ஒன்று செத்திருந்தது, பதின்மூன்று மெஷினுக்கு வந்தது. பதினான்காவது தப்பித்தது.

கழற்றிய ஃபேனுக்கு நான்கு கம்பி. மின்சாரத்துக்கு இரண்டு, எத்தனை சுற்று என்று போர்டுக்குச் சொல்ல ஒன்று, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒன்று. நான் போட்டதற்கு இரண்டே கம்பி. சுற்றும். சொல்லாது. மெஷின் ஆன் ஆகும்போதெல்லாம் "ஃபேன் கோளாறு" என்று திரையில் எழுதிக் கெஞ்சியிருக்கிறது. வாடிக்கையாளர் பார்த்தால் பயப்படுவார் என்று அந்த எச்சரிக்கையையும் பயாஸில் அணைக்கச் சொன்னது யார்? நான்தான்.

எனக்கு என்ன கேடு வந்துச்சு? நல்லா இருந்த ஃபேனைக் கழட்டி, வித்து, சொல்ல வந்த வாயையும் பொத்தி... சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பதின்மூன்று தடவை, ஸ்க்ரூடிரைவரால் வைத்துக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நாத்தனார் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரமாக அந்த டிரைவரை எழுதினவனை வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறாளாம், அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்.

அப்புறம்தான் கேட்டாள்: "அந்த ஃபேன்லாம் எங்க?"

விற்றுவிட்டேன். முப்பத்தொன்பதையும். பழம் உலர்த்தும் பெட்டி செய்கிற ஒருவருக்கு.

மார்ச் 13, வியாழன்

மலிவு ஃபேன் முப்பத்தொன்பதையும் கழற்றி வேனில் ஏற்றிக்கொண்டு உலர்த்தும் பெட்டிக்காரரிடம் போனோம். வேன் ஓட்ட வீட்டுக்காரர், ஃபேனைச் சோதிக்க நாத்தனார், பேச நான். போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்: அவசரம் என்று முகத்தில் காட்டாதீர்கள், சும்மா இந்தப் பக்கம் வந்தோம், அவ்வளவுதான்.

தகரக் கொட்டகை. மரத்தூளும் பசையும் கலந்த வாசனை. அவரும் நல்ல வியாபாரிதான், உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். இருபத்து நான்கு ஃபேன் பெட்டியில் அப்படியே இருந்தது. பதினைந்தை ஐந்து பெட்டிகளில் மாட்டி, பழம் போட்டு ஓட்டியும் பார்த்துவிட்டார். அதில் இரண்டு பெட்டி விற்றும் போய், "காதைக் கிழிக்குது" என்று இரண்டும் திரும்பி வந்து மூலையில் நிற்கின்றன. எனக்கு உள்ளுக்குள் பட்டாசு. வெளியே, "அச்சச்சோ" என்றேன். சத்தமே இல்லாத ஃபேன் என்னிடம் முப்பத்தொன்பது இருக்கிறது, உங்கள் கஷ்டத்துக்காக வேண்டுமானால் மாற்றித் தருகிறேன் என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் டீயை உறிஞ்சிவிட்டு, "நல்லவேளை சார், இது கிடைக்கலைன்னா வெள்ளிக்கிழமை எங்க கதை கந்தல்" என்றார்.

உலர்த்தும் பெட்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நீங்க வேன்ல இருந்து இறங்கின வேகத்துலயே எனக்குத் தெரியும்மா. சார் உறுதி பண்ணிட்டாரு, அவ்வளவுதான்."

ஒன்றுக்கு ஒன்று மாற்று, அதற்கு மேல் நான் அவருக்கு விற்ற விலையில் பாதியைத் திருப்பித் தர வேண்டும் என்றார். கால் என்றேன். பாதி என்றார். பாதி கொடுத்தேன். அவருடைய ஐந்து பெட்டிகளையும் நாங்களே உட்கார்ந்து கழற்றி மாட்டிக் கொடுத்தோம். கையெல்லாம் பழப் பிசுக்கு.

வேனில் திரும்பினோம். பாதி வழியில் நாத்தனார் ஆரம்பித்தாள்: "கதை கந்தல்..." சிரிப்பு அடங்க வீடு வந்துவிட்டது. கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். முப்பத்தொன்பது ஃபேன் பின்னால் குலுங்குகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் எப்படிக் கோபம் வரும்?

மார்ச் 15, சனி

இரண்டு நாளாக ஸ்க்ரூ, கம்பி, தூரிகை. பதினைந்து ஃபேனின் இதழ்களில் ஒட்டியிருந்த பிசுக்கைத் துடைத்து எடுத்தோம். பயாஸில் அணைத்து வைத்த எச்சரிக்கையையும் திரும்பப் போட்டாயிற்று, ஒவ்வொன்றாக, என் கையாலேயே.

மாலை நான்கரை: பதினான்கு திரை, நாற்பத்திரண்டு ஃபேன், நாற்பத்திரண்டு எண். ஒரு பூஜ்யம்கூட இல்லை.

கடை இரைகிறது. மாவு மில் நடத்துகிற மாதிரி இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். நல்லதுதான் ஆயிற்று என்று கத்தினேன். அவருக்குக் கேட்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நாத்தனார் எண்களைப் பார்ப்பதோடு நிற்கவில்லை. நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் குறித்து வைக்க, எந்த ஃபேனாவது ஆயிரத்துக்குக் கீழே போனால் கத்த, ஒரு சின்ன நிரல் எழுதியிருக்கிறாள். சோதிக்க நான்தான் வேண்டும் என்றாள். ஆறாம் நம்பர் மெஷினில் ஒரு ஃபேனின் கம்பியை உருவினேன். பத்து, இருபது, முப்பது என்று எண்ணினேன். கத்தியது! ஆறாம் நம்பர், இரண்டாவது ஃபேன் என்று இடம் சுட்டிக் கத்தியது. மாட்டினேன், அடங்கியது. ஒன்பதில் உருவினேன். கத்தியது. மூன்றில். பன்னிரண்டில். கடைசியில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

இத்தனை வருடம் சரக்கு விற்றேன். சரக்கு எதுவும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

மார்ச் 20, வியாழன்

நாளை. ஒன்பது முதல் பதின்மூன்று வரை உள்ள மெஷின்களில் ஒரு குறை கண்ணில் படுகிறது. அந்த ஐந்திலும்தான் பழப் பெட்டியில் ஓடிய ஃபேன்கள். முழு வேகத்தில் மற்றவை நான்காயிரத்து இருநூற்றெண்பது. இவை மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டவில்லை. சூடு வரம்புக்குள்தான் இருக்கிறது. சுற்றுகிறது, குளிர்கிறது. யார் பார்க்கப் போகிறார்கள்?

மார்ச் 21, வெள்ளி

அவர் பார்த்தார்.

பத்து மணிக்கு வந்தார். தூரத்திலிருந்தே சூடு அளக்கிற ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். பதினான்கையும் முழு வேலையில் ஓட விடச் சொல்லிவிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நாற்பத்தொன்று ஐம்பத்தெட்டானது, அறுபத்தேழானது, அங்கேயே நின்றது. ஃபேன்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்திலிருந்து தானாக ஏறின. அவர் துப்பாக்கியைக் காட்டுவார், திரையைப் பார்ப்பார், தலையாட்டுவார். நாத்தனார் ஒரு கம்பியை உருவினாள். கத்தியது. அவர் முகத்தில் முதல் சிரிப்பு.

இரண்டு மணி நேரம் கழித்து எழுந்து பதினான்கு திரையையும் ஒரு தடவை நடந்து பார்த்தார். ஒன்பதாவதில் நின்றார்.

"இந்த அஞ்சு மட்டும் ஏன் முந்நூறு, நானூறு கம்மியா சுத்துது?"

எனக்கு நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. மூலையில் காற்று குறைவு. பதினெட்டு வருடப் பயிற்சி, தானாக வரும். நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லவில்லை. திடீரென்று உத்தமி ஆகிவிட்டதால் அல்ல. நாளைக்கு அவர் கூடத்தில், நடு ஹாலில், ஏசிக்குக் கீழே வைத்தாலும் அந்த எண் அப்படியேதான் இருக்கும். நான் சொல்லாவிட்டால் மெஷின் சொல்லிவிடும். பேசுகிற சரக்கை விற்கும்போது நாம் பொய் பேச முடியாது.

எல்லாவற்றையும் சொன்னேன். சத்தமில்லாத ஃபேன், இரண்டு கம்பி, பழப் பெட்டி, பிசுக்கு, அணைத்து வைத்த எச்சரிக்கை உட்பட. இரும்புக்காரரின் தராசு கண் முன்னால் ஆடியது.

"போன தடவை எனக்கு வித்தவரும் இதைத்தான் பண்ணியிருப்பாரு. அவரு சொல்லலை" என்றார்.

பிறகு விலை. ஒரு மெஷின் இருபத்தாறாயிரம் என்று ஆரம்பித்தேன், அவர் இருபத்து மூன்று என்றார். இருபத்து நான்கரையில் கை குலுக்கினோம். முடிந்தது என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு நாத்தனார் பக்கம் திரும்பினார். அவர் கூடத்தில் இன்னும் இருபத்திரண்டு மெஷின் இருக்கிறதாம், ஒன்றும் பேசாதாம். இதேபோல் பேச வைத்து, இங்கிருந்தே கவனித்துக்கொள்ள முடியுமா?

இந்தப் பதினான்கை முதல் வருடம் இலவசமாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் என் காலை ஒரு மிதி மிதித்தாள்.

"மொத்தம் முப்பத்தாறு. ஒரு மெஷினுக்கு மாசம் நானூறு" என்றாள்.

நானாக இருந்தால் இருநூற்றைம்பது சொல்லியிருப்பேன். அவர் முந்நூறு என்றார்.

"நானூறுதான் சார். ஒரு ஃபேன் நின்னா பதினஞ்சு நிமிஷத்துல உங்களுக்கு ஃபோன் வரும். வரலைன்னா அந்த மாசம் மொத்தக் காசும் வேண்டாம்."

என் கடையில் வேறொருத்தி பேரம் பேசி நான் கேட்டுக்கொண்டிருந்தது இதுதான் முதல் தடவை. அவர் அவளுடன்தான் கை குலுக்கிவிட்டுப் போனார்.

மார்ச் 24, திங்கள்

வேன் இரண்டு நடை போய் வந்தது. கடை வெறிச்சென்று அமைதியாக இருக்கிறது. நாத்தனார் காலையிலேயே வந்துவிட்டாள். எதிர் நாற்காலியில் உட்காரவில்லை, ஜன்னல் ஓரம் ஒரு மேஜையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்த கையோடு என்னிடமும் பேச ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் பிடித்தது.

அவரிடமும் இவளிடமும் பேசி முடித்தது இது. பதினான்கு சர்வர், ஒன்று இருபத்து நான்காயிரத்து ஐந்நூறு. ஒன்பது முதல் பதின்மூன்று வரை உள்ள பதினைந்து ஃபேனையும் ஆறு மாதத்துக்குள் என் செலவில் புதிதாக மாற்ற வேண்டும் என்பது அவர் நிபந்தனை. ஏப்ரல் முதல் முப்பத்தாறு மெஷினின் கண்காணிப்பு, மாதம் பதினான்காயிரத்து நானூறு. அதில் பாதி நாத்தனாரிடம் கேட்டேன், தரவில்லை. நூற்றுக்கு அறுபது அவளுக்கு, நாற்பது கடைக்கு, கரண்ட் பில் என்னுடையது.